காடி வாடை சொல்லாதது

சென்னையில் மீன் தொட்டி ஒட்ட சிலிக்கோன் வாங்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை மூக்கைப் பற்றியது. டியூபின் நுனியை வெட்டிக் கொஞ்சம் பிதுக்கிப் பாருங்கள், காடி வாடை சுள்ளென்று ஏறினால் தொட்டிக்கு ஆகும், ஏறாவிட்டால் ஜன்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வடக்கே கொளத்தூர் வண்ண மீன் கடைகளிலும் சரி, தெற்கே கிண்டி, வேளச்சேரி, அடையாறு பக்கத்து ஹார்டுவேர் கடைகளிலும் சரி, எழுதப்படாத சட்டம் இதுதான். இந்தச் சட்டம் பாதி சரி. முழுத் தவறாக இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் நிலைத்திருக்காது. பாதி சரியாக இருப்பதால்தான் மீதிப் பாதியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அந்த மீதிப் பாதியில்தான் மீனுக்கு ஆபத்து இருக்கிறது. சிலிக்கோன் எப்படி இறுகுகிறது என்பதை வாடை சொல்லும். அதனுடன் வேறு என்னென்ன கலந்திருக்கிறது என்பதை வாடை சொல்லாது. மீன் தொட்டிக்கான சிலிக்கோனைத் தேர்வு செய்வதில் உண்மையான கேள்வி இந்த இரண்டாவதுதான். அதற்கு விடை தரக்கூடியது தயாரிப்பாளர் எழுத்தில் தரும் தகவல் மட்டுமே.

முதலில் இறுகும் முறை. டியூபுக்குள் இருப்பது நீண்ட சங்கிலிகளாலான ஒரு சிலிக்கோன் பசை. சங்கிலிகளை ஒன்றோடொன்று பின்னும் ஓர் இணைப்புப் பொருளும், இறுக்கத்தை விரைவாக்கும் ஒரு வினையூக்கியும், உடலைக் கெட்டியாக்க நுண்ணிய சிலிக்கா தூளும் அதில் உண்டு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் இணைப்புப் பொருள் சிதைந்து சங்கிலிகளைப் பின்னுகிறது. பின்னும்போது ஒரு சிறு பொருளை வெளியே விடுகிறது. அந்தச் சிறு பொருள் எது என்பதை வைத்துத்தான் வகைகள் பிரிகின்றன. அசிட்டாக்சி வகை அசிட்டிக் அமிலத்தை, அதாவது காடியின் புளிப்பை, விடும். நடுநிலை வகைகளில் சில ஆல்கஹாலை விடும். சில ஆக்சைம் என்ற பொருளை விடும். ஆல்கஹால் வகையில் வாடை மிகக் குறைவு, ஆக்சைம் வகையில் பெயின்ட் போன்ற ஒரு நெடி. இந்தியாவில் கடைக்காரர்கள் "ஜி.பி." என்று சுருக்கிச் சொல்லும் பொதுப் பயன்பாட்டு டியூபுகளில் பெரும்பாலானவை அசிட்டாக்சி வகை. விலை குறைவு, கண்ணாடியில் பிடிப்பு நன்றாக இருக்கும், மேல்தோல் சீக்கிரம் கட்டும். தொட்டி ஒட்டுகிறவர்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு நியாயம் இருக்கிறது.

காடி வாடை அடிக்கும் வகை மீனுக்குப் பாதுகாப்பானது என்பதற்குச் சொல்லப்படும் காரணம், காடி நாமே சாப்பிடும் பொருள்தானே என்பது. அந்தக் காரணம் நிற்காது. அமிலம் மீனுக்கு நல்லதல்ல. அசிட்டாக்சியின் நன்மை அந்த அமிலம் போய்விடுகிறது என்பதில் இருக்கிறது. அது ஆவியாகும், நீரில் கரையும், பாக்டீரியா அதைத் தின்றுவிடும். போய்க்கொண்டிருக்கும்வரை வாடையும் அடிக்கும். இறுகல் முடிந்ததா என்று கருவி இல்லாமல் அறிய இதைவிட எளிய அடையாளம் வேறில்லை. அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 50 லிட்டர் கொள்ளும். அதை ஒட்ட நூறு கிராம் அளவுக்குச் சிலிக்கோன் போதும். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அமிலமாக வெளியேறுகிறது என்று வைத்தால் மொத்தம் நான்கு கிராம். அத்தனையும் தண்ணீரிலேயே கரைந்தால் லிட்டருக்கு 80 மில்லிகிராம். அது நீரின் காரத்தன்மையில் லிட்டருக்கு 65 மில்லிகிராமுக்கும் மேலாக விழுங்கிவிடும். தென்சென்னையின் கடினமான போர் தண்ணீருக்கு இது பெரிய அடி இல்லை. அதில் தாங்குவதற்குக் காரத்தன்மை மிச்சம் இருக்கும். டிஸ்கஸ், நியான் டெட்ரா போன்ற மென்னீர் மீன்களுக்காக ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுகிறவர் நிலைமை வேறு. அந்தத் தண்ணீரில் தாங்குவதற்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை, பி.எச். தடாலென்று சரிந்துவிடும். ஒரே சிலிக்கோன், ஒரே அவசரம். ஒரு வீட்டில் ஒன்றும் ஆகாது, பக்கத்து வீட்டில் மீன் மிதக்கும். பிறகு இருவரும் சிலிக்கோனின் பிராண்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வார்கள்.

வாடை சொல்லும் பாதி இத்துடன் முடிகிறது. சொல்லாத பாதியில் முதன்மையானது பூஞ்சைக் கொல்லி. குளியலறை, சமையலறைத் தொட்டி, டைல்ஸ் இடுக்கு ஆகியவற்றுக்காக விற்கப்படும் சிலிக்கோன்களில் கறுப்புப் பூஞ்சணம் படராமல் இருக்க மருந்து கலக்கிறார்கள். இந்த வகைகளில் பலவும் அசிட்டாக்சிதான். காடி வாடை சுள்ளென்றே அடிக்கும். மூக்கை நம்பி வாங்குகிறவர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கலக்கப்படும் மருந்துகள் காலத்துக்குக் காலம் மாறியிருக்கின்றன: ஆர்செனிக் அடங்கிய ஓ.பி.பி.ஏ. ஒரு காலத்தில் பரவலாக இருந்தது; ஜிங்க் பைரித்தியோன், ஆக்டைல் ஐசோதயசோலினோன், கார்பென்டசிம் போன்றவையும் பயன்படுகின்றன. பொடுகு ஷாம்புவில் நாம் தலையில் தேய்த்துக்கொள்ளும் அதே ஜிங்க் பைரித்தியோன் சிறு மீன்களை லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே கொல்லக்கூடியது. ரப்பருக்குள் சிறைப்பட்டிருக்கும் மருந்து எப்படித் தண்ணீருக்கு வரும் என்று கேட்கலாம். வந்தாக வேண்டும், மேற்பரப்புக்குக் கசிந்து வராத பூஞ்சைக் கொல்லியால் பூஞ்சணத்தைத் தடுக்க முடியாது. கசிவது அதன் குறை இல்லை, அதற்காகத்தான் அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

அளவு சிறிதுதானே என்ற சமாதானத்தையும் எடைபோடலாம். நூறு கிராம் சிலிக்கோனில் மருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் நூறு மில்லிகிராம். அதில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் வெளியேறினாலும் ஒரு மில்லிகிராம். 50 லிட்டருக்குப் பகிர்ந்தால் லிட்டருக்கு 20 மைக்ரோகிராம். கொல்லும் அளவு சில மைக்ரோகிராம் என்கிறபோது இது சில மடங்கு கூடுதல். ஜிங்க் பைரித்தியோன் வெயிலில் வேகமாகச் சிதைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஹாலின் மூலையில், விளக்கு எட்டு மணி நேரம் மட்டும் எரியும் தொட்டியில் அந்த வெயில் எங்கிருந்து வரும்? கழிவறைச் சுவரில் வழியும் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடுகிறது. தொட்டித் தண்ணீர் அதே இடத்தில் நாள்கணக்கில் நிற்கிறது; அதில் உள்ள உயிர் அதையே சுவாசிக்கிறது. குளியலறைக்குப் பொருத்தமான ஒரு பொருள் தொட்டிக்குப் பொருந்தாமல் போவதற்கு இந்த வேறுபாடே போதும். செர்ரி இறால் வளர்ப்பவர்கள் இன்னும் கூடுதலாக அஞ்ச வேண்டும். இறாலுக்கும் நத்தைக்கும் தாங்கும் வரம்பு பல நஞ்சுகளுக்கு மீனைவிடக் குறைவு.

நுணுக்கமாகப் படிக்கிறவர் இங்கே ஒரு மறுப்பை எழுப்பலாம்: பூஞ்சைக் கொல்லி இல்லாத சிலிக்கோனிலும் வினையூக்கியாகக் கரிமத் தகரச் சேர்மம் இருக்கிறதே, அது மட்டும் பாலா? நல்ல கேள்வி. கப்பல் அடியில் பாசி பிடிக்காமல் பூசிய டிரைபியூட்டைல் தகரம் கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையே குலைத்தது. 2001இல் உலக நாடுகள் அதைத் தடைசெய்ய உடன்படிக்கை செய்து, அது 2008இல் நடைமுறைக்கு வந்தது. சிலிக்கோனில் பயன்படுவது பெரும்பாலும் அதன் தங்கை முறையான டைபியூட்டைல் வகை. நஞ்சு அதைவிடக் குறைவு, சேர்க்கும் அளவும் மிகச் சிறிது. மேற்பரப்புக்கு வரவேண்டும் என்பதற்காக அதைச் சேர்ப்பதில்லை, வினையை நடத்துவதற்காகச் சேர்க்கிறார்கள். அறவே நஞ்சற்ற ரப்பர் என்று ஒன்றைத் தேடிப் போனால் கிடைக்காது. இறுகவிட்டு, தண்ணீர் நிரப்பி ஓரிரு நாள் வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பும் பழைய வழக்கத்துக்கு இப்படி ஒரு கூடுதல் நியாயமும் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

அடுத்ததாக டியூபின் மேல் அச்சிடப்படும் சான்றிதழ்கள். "உணவுத் தரம்", "குடிநீருக்கு ஏற்றது" என்ற வாசகங்களைக் கண்டதும் பலருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 177.2600 என்ற விதி, மறுபடி மறுபடி உணவில் படும் ரப்பர் பொருள்களைப் பற்றியது, என்.எஸ்.எஃப். 51 உணவுக் கருவிகளைப் பற்றியது, 61 குடிநீர் அமைப்புகளைப் பற்றியது. மூன்றும் மனித உடலை அளவுகோலாகக் கொண்டவை. மனிதனுக்கு ஆகும் தண்ணீர் மீனுக்கு ஆகாது என்பதைச் சென்னையில் மீன் வளர்க்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிண்டியில் 1899இல் தொடங்கிய கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் குடிநீரைப் பரிசோதிக்கிறார்கள். ஒரு மாதிரித் தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை 10500. இல்லாவிட்டால்தான் மனிதருக்கு ஆபத்து. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை நன்னீர் உயிர்களுக்கு வைத்திருக்கும் நெடுநாள் வரம்போ லிட்டருக்கு 11 மைக்ரோகிராம், அதாவது 0.011 மில்லிகிராம். மனிதனுக்கான குறைந்தபட்ச அளவு மீனுக்கான உச்சவரம்பைப் போல 18 மடங்கு. தாமிரத்திலும் இதே கதை: குடிநீரில் வேறு வழியில்லாதபோது லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்வரை அனுமதிக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கே இறாலை முடித்துவிடும். உணவுச் சான்றிதழ் வீண் என்று சொல்ல வரவில்லை. அந்தச் சான்றிதழ் உள்ள சிலிக்கோனில் கண்ட கண்ட மருந்தைக் கலக்க முடியாது என்ற அளவில் அது நல்ல சகுனம். சகுனத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு எதிராக வரும் பெரிய மறுப்பு அனுபவத்திலிருந்து வருவது. ஊரில் தொட்டி ஒட்டுகிறவர்கள் எல்லாம் மலிவான ஜி.பி. டியூபைத்தான் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். அந்தத் தொட்டிகளில் கோல்டு ஃபிஷ்ஷும் ஃபிளவர்ஹார்னும் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. பிறகு ஏன் இந்தப் பதற்றம் என்பார்கள். பூஞ்சைக் கொல்லி சேர்க்காத, கலப்படமில்லாத ஜி.பி. அசிட்டாக்சியைப் பொறுத்தவரை இந்த மறுப்பு செல்லும். இந்தக் கட்டுரையும் அதை மறுக்கவில்லை. ஆனால் அனுபவம் என்ற சாட்சியை எவ்வளவு தூரம் நம்புவது? புதுத் தொட்டியில் மீன் சாவதற்கு மிகப் பொதுவான காரணம் சிலிக்கோன் இல்லை; கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியா இன்னும் வளராததுதான். அடுத்து, குளோரின் நீக்காத மெட்ரோ தண்ணீர். இவற்றால் செத்த மீனுக்கும் சிலிக்கோன்மேல் பழி விழுகிறது. சிலிக்கோனால் செத்த மீனும் "புதுத் தொட்டி என்றால் அப்படித்தான்" என்ற கணக்கில் மறைந்துபோகிறது. செத்ததற்குக் காரணம் தெரியாத ஒரு துறையில், பிழைத்ததற்குக் காரணம் தெரியும் என்பது எப்படிப் பொருந்தும்? தாங்கும் மீன்களை வைத்துப் பெற்ற அனுபவம் டிஸ்கஸுக்கும் இறாலுக்கும் பொருந்தும் என்பதற்கும் உறுதி இல்லை. சிலிக்கோனுக்கு முந்திய காலத்தில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் புட்டி வைத்துப் பொருத்தினார்கள். ஈயச் சேர்மம் கலந்த புட்டிகளும் அவற்றில் உண்டு. மெரினா கடற்கரையில் 1909இல் மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது சிலிக்கோன் ரப்பர் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. சிலிக்கோனைத் தொழில்முறையில் தயாரிக்க வழிகோலிய யூஜின் ரோச்சோவின் முறையே 1940இல்தான் வந்தது. அந்தப் புட்டித் தொட்டிகளிலும் மீன்கள் வாழ்ந்தன. அதனால் ஈயப் புட்டி நல்லது என்று இன்று யாரும் வாதாடுவதில்லை.

இன்னொரு தரப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: அசிட்டாக்சி மட்டும்தான் மீனுக்கு ஆகும், நடுநிலை வகை எல்லாம் விஷம். இதுவும் மூக்கின் சட்டத்தைத் தலைகீழாக நீட்டியதுதான். கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் நிற்கும் கண்ணாடி முகப்புக் கட்டடங்களைப் போன்றவற்றில் கண்ணாடியைத் தாங்குவது பெரும்பாலும் நடுநிலைச் சிலிக்கோன். பூஞ்சைக் கொல்லி இல்லாத, ஆல்கஹால் வகை நடுநிலைச் சிலிக்கோன் முழுமையாக இறுகிய பிறகு மீனுக்குத் தீங்கு செய்ய வேதியியலில் காரணம் எதுவும் இல்லை. சில இடங்களில் நடுநிலைதான் வேண்டும். மொட்டை மாடியில் சிமென்ட் தொட்டி கட்டி ஒரு பக்கம் கண்ணாடி வைக்கிறவர் அசிட்டாக்சியை எடுத்தால், வெளியேறும் அமிலம் சிமென்ட்டின் சுண்ணாம்பைத் தின்று பிடிப்பைக் கெடுக்கும். பளிங்குக் கல்லும் அப்படியே. இரும்பு, பித்தளைச் சட்டங்களை அது அரிக்கும். ஆக்சைம் வகையைப் பற்றிய எச்சரிக்கை வேறு மாதிரியானது. அது வெளியிடும் பியூட்டனோன் ஆக்சைமை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாக ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தி, அது 2022 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆபத்து முதலில் ஒட்டுகிறவருக்கு: ஏ.சி. போட்டு ஜன்னலைச் சாத்திய அடுக்ககத்து அறையில் மணிக்கணக்கில் அதை முகருகிறவருக்கு. மீனைக் காப்பாற்ற வாடையைப் பார்க்கச் சொல்லும் அறிவுரை, ஒட்டுகிற மனிதனைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை என்பது விந்தைதான்.

"மீன் தொட்டிக்கானது" என்று அச்சிட்டு விற்கும் டியூபைப் பற்றியும் சந்தேகம் உண்டு. அதே ஜி.பி. சரக்கையே வேறு உறையில் அடைத்து, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள் என்பது பரவலான குற்றச்சாட்டு. பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அந்தக் கூடுதல் விலைக்கு வாங்குகிறவருக்கு ஒன்று கிடைக்கிறது: வாக்கு. ஜி.பி. சரக்கின் கலவையைத் தயாரிப்பாளர் நாளைக்கே மாற்றலாம்; பூஞ்சைக் கொல்லியைச் சேர்த்துவிட்டு "மேம்படுத்தப்பட்டது" என்று உறையில் பூரிக்கலாம்; யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. மீன் தொட்டிக்கு என்று எழுதி விற்ற பிறகு அப்படிச் செய்ய முடியாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையாக அளித்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருளால் ஏற்படும் சேதத்துக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. எதிர்மாறாக, தொழில்நுட்பத் தாளில் "மீன் தொட்டிக்குப் பயன்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தால் அந்தப் பொறுப்பு வாங்கியவர் தலையில்தான். அந்த வரியை எப்போதும் நஞ்சு பற்றிய எச்சரிக்கை என்று படிக்க வேண்டியதில்லை என்பதும் உண்மை. மூன்றாம் மாடியில் 400 லிட்டர் தண்ணீர் கொட்டிக் கீழ்வீட்டுக் கூரை ஊறினால் வரும் வழக்கை நினைத்தும் நிறுவனங்கள் அப்படி எழுதும். எந்தக் காரணத்தால் எழுதினார்கள் என்று வெளியிலிருந்து பிரித்தறிய வழியில்லாதபோது, எழுதியதை எழுதியபடி எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வலிமையைப் பற்றி மக்கள் படும் கவலை, உண்மையில் தேவைப்படுவதைவிட அதிகம். நாலடி நீளமும் இரண்டடி உயரமும் உள்ள முன்கண்ணாடியைத் தண்ணீர் தள்ளும் மொத்த விசை ஏறக்குறைய 2,100 நியூட்டன், அதாவது 216 கிலோ எடை. கேட்டதும் பயமாக இருக்கும். 10 மில்லிமீட்டர் அகல இணைப்பில், அடிப்பக்கமும் இரு பக்கவாட்டும் சேர்ந்து அதைத் தாங்கினால் இணைப்பின்மேல் விழுவது 0.09 மெகாபாஸ்கல். நல்ல அசிட்டாக்சி சிலிக்கோன் 2 மெகாபாஸ்கல் அளவில்தான் கிழியும். கட்டட முகப்புகளில் சிலிக்கோனுக்கு வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்ளும் மிகக் கண்டிப்பான வரம்பான 0.14 மெகாபாஸ்கலுக்கும் இது கீழேதான் இருக்கிறது. விசை எல்லா இடத்திலும் சீராக விழாது, கண்ணாடி வளையும்போது ஓரத்தில் உரிப்பு அதிகமாகும் என்பதையெல்லாம் சேர்த்தாலும், அதிக வலிமை உள்ள பிராண்டைத் தேடி அலைவது வீண். தொட்டி ஒழுகுவது பெரும்பாலும் ரப்பர் கிழிந்து அல்ல. கண்ணாடியை விட்டு ரப்பர் பிரிந்து. விரல் எண்ணெய், தூசி, பழைய சிலிக்கோனின் மிச்சம் ஆகியவைதான் காரணம். இறுகிய சிலிக்கோன்மேல் புதுச் சிலிக்கோன் பிடிக்காது; ஆகவே ஒழுகும் இடத்தில் மட்டும் மேலே ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும் வேலை சில மாதமே தாங்கும்.

மலிவு விலை டியூபில் இன்னொரு வகைக் கலப்பு நடக்கிறது. சிலிக்கோன் விலை அதிகம் என்பதால் கனிம எண்ணெயையோ அதுபோன்ற லேசான எண்ணெயையோ சேர்த்து அளவைப் பெருக்குகிறார்கள். ஒட்டும்போது வித்தியாசம் தெரியாது. காடி வாடையும் அப்படியே இருக்கும். வாரங்களும் மாதங்களும் போகப் போக எண்ணெய் வெளியேறி இணைப்பு சுருங்கும், மஞ்சளிக்கும், தண்ணீரின் மேல் மெல்லிய படலம் மிதக்கும். சீலன்ட்டுகள் இப்படி எடையும் பருமனும் இழப்பதை அளக்க ஐ.எஸ்.ஓ. 10563 என்ற சோதனை முறையே இருக்கிறது. பிளாஸ்டிக் பொருள்களைச் சோதித்துத் தரும், 1968இல் தொடங்கிய சிப்பெட் நிறுவனம் கிண்டியிலேயே இருந்தாலும், ஒரு டியூபுக்காக யாரும் அங்கே போகப் போவதில்லை. வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நகைத் தராசில் எடை போட்ட சின்னக் கண்ணாடித் துண்டில் ஒரு கோடு பிதுக்கி, உடனே எடை பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை பார்க்கலாம். அமிலம் போனதால் ஏற்படும் சில சதவீத இழப்பு இயல்பு. பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பிராண்டைக் கடையிலேயே விட்டுவிடலாம்.

சென்னைக்கே உரிய சிக்கல் வெயில். டியூபுகளைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், ஆயுள் ஏறக்குறைய ஓராண்டு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடைகளைக் கடந்த டியூப் என்ன நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தயாரித்த மாதமும் ஆண்டும் உறையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்க்கச் சில நொடிகள் போதும். பார்த்து வாங்கினாலும் தொட்டியில் தொடுமுன் காகிதத்தில் ஒரு கோடு இழுத்து அரைமணி நேரத்தில் மேல்தோல் கட்டுகிறதா என்று பார்ப்பது நல்லது. கட்டாவிட்டால் அந்த டியூபுக்கு உள்ளே வேதியியல் முடிந்துவிட்டது. நம் ஊரின் ஈரக் காற்று இறுகலுக்கு உதவுகிறது. ஆனால் ஈரம் ஓரத்திலிருந்துதான் உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் என்பது பொதுவான வேகம். ஆழம் கூடக் கூட அதுவும் குறையும். இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவில் சிக்கிய சிலிக்கோனுக்கு ஒரு வாரம் என்பது மிகையான எச்சரிக்கை இல்லை. 12 மில்லிமீட்டர் கண்ணாடியில் கட்டிய பெரிய தொட்டிக்கு இரண்டு வாரம் கொடுப்பதே நல்லது. இந்தக் காத்திருப்பின் முடிவில் மூக்கைப் பயன்படுத்துவது பொருத்தம்: வாடை நின்றுவிட்டால் இறுகல் ஏறக்குறைய முடிந்தது என்று கொள்ளலாம்.

ஆக, கடையில் கேட்க வேண்டிய கேள்விகளின் வரிசை மாறுகிறது. வாடையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, இந்த டியூபுக்கு மீன் தொட்டிப் பயன்பாட்டைத் தயாரிப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாரா என்பதை முதலில் பார்க்க வேண்டும். உறையில் இல்லாவிட்டாலும் பல நிறுவனங்களின் தொழில்நுட்பத் தாள் கைபேசியிலேயே கிடைக்கும். அந்த ஒப்புதல் இல்லாதபோது, பூஞ்சணம், பூஞ்சை, கிருமி எதிர்ப்பு, குளியலறை, சானிட்டரி என்ற சொற்களில் ஏதாவது ஒன்று உறையில் இருந்தால் அதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை, அந்த டியூபை எடுக்கக் கூடாது. கறுப்பா, தெளிவான நிறமா என்பது பாதுகாப்புக் கேள்வியே இல்லை. கறுப்பில் பாசி தெரியாது, அவ்வளவே.

இதற்குள் குளியலறை டியூபால் தொட்டியை ஒட்டி முடித்துவிட்டவர் என்ன செய்வது? பலமுறை தண்ணீர் மாற்றுவது, உப்புப் போட்டு ஊறவைப்பது, கரித்தூள் வைப்பது என்று ஆளுக்கொரு பரிகாரம் சொல்வார்கள். கரித்தூள் கசிந்து வந்ததைப் பிடிக்கும், கசிவதை நிறுத்தாது. ரப்பருக்குள் இருக்கும் மருந்து தீரும்வரை வந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே மேலாக இழுத்த கோட்டை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல சிலிக்கோனால் மூடலாமா என்றால், இணைப்புக்குள் இருப்பது பழையதுதான். அதன்மேல் புதியதும் பிடிக்காது. பிளேடால் ஐந்து கண்ணாடிகளையும் பிரித்து, ஒட்டியிருக்கும் எச்சம் முழுவதையும் வழித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து மறுபடி ஒட்டுவதே வழி. அந்த உழைப்பு வேண்டாம் என்றால், தண்ணீர் தேவைப்படாத கள்ளிச் செடிகளுக்கு அந்தப் பெட்டி நன்றாகவே உதவும்.